க்ரீன் டே: டூக்கியும் அமெரிக்கன் இடியட்டும் எழுதியது ஒரே ஆளா?

மழைக்கால_கிடார்:
ஒரு வாரமாக ஆபீஸ் பஸ்ஸில் இதே வேலை. அமெரிக்க ராக் குழு க்ரீன் டேயின் இரண்டு ஆல்பங்கள்: போகும்போது டூக்கி, வரும்போது அமெரிக்கன் இடியட். முதலாவது 1994, இரண்டாவது 2004. டூக்கியில் ஒருத்தன் சோபாவில் மல்லாந்து கிடக்கிறான், டிவி ஓடுகிறது, எழுந்து போய்ப் பல் தேய்க்கக்கூட மனசில்லை. பத்து வருடம் கழித்து அதே குரல் புஷ் காலத்து அமெரிக்காவைக் கிழிக்கிறது. ஒன்பது நிமிடத்துக்கு ஒரு பாட்டு, பாத்திரங்கள், தொடர்கதை!

பாட்டு எழுதிப் பாடுகிற பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் நடுவில் எங்கே மாறினார்? அரசியல் திடீரென்று வந்ததா, இல்லை ஆரம்பத்திலேயே இருந்ததா? இசையிலும் அப்படித்தான். மூன்றே மூன்று கார்டு (கிடாரில் சேர்த்து அடிக்கிற ஸ்வரக் கூட்டு) வைத்து அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இவ்வளவு பெரிய வேலை எங்கிருந்து வந்தது? பாப் பங்க், அதாவது பாப் மெட்டில் அடிக்கிற பங்க் ராக், கேட்கிறவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள், கொஞ்சம் பேசுங்கள்.

பாதி_டிக்கெட்:
நாலைந்து பேரா? உன்னையும் என்னையும் சேர்த்தா?

ஓப்பன்_ஸ்ட்ரிங்:
தம்பி, மாறவே இல்லை என்பது என் கட்சி. டூக்கிக்கும் முன்னால் போனால் புரியும்.

ரோடியோ என்று ஓர் ஊர். கலிபோர்னியாவில் பெர்க்லிக்கு வடக்கே, சான் பாப்லோ விரிகுடாக் கரையில் இருக்கிறது. ஊருக்கு அடையாளம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான். பில்லி ஜோ அங்கே ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அம்மா உணவகத்தில் பரிமாறுகிறவர். அப்பா ஆண்டி லாரி டிரைவர், ஜாஸ் இசைக்கலைஞரும்கூட. 1982 செப்டம்பரில் அப்பா புற்றுநோயில் போய்விட்டார். பையனுக்கு அப்போது பத்து வயது. அடக்கம் நடந்த அன்று வீட்டுக்கு ஓடிவந்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா தட்டியபோது, செப்டம்பர் முடிந்ததும் எழுப்பு என்றானாம். 22 வருடம் கழித்து அது அமெரிக்கன் இடியட்டில் ஒரு பாட்டுக்குத் தலைப்பானது.

அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்ட பையன். க்ரீன் டேயின் பாட்டு எதை எடுத்தாலும் எனக்கு அவன்தான் தெரிகிறான். டூக்கியின் 'லாங்வியூ'வில் சோபாவில் கிடப்பவனும் அவன்தான். அதே ஆல்பத்தின் 'பாஸ்கெட் கேஸ்' பாட்டில் பதற்றத்தில் தலை சுற்றி, எனக்குப் பைத்தியமா என்று கேட்பவனும் அவன்தான். பில்லி ஜோவுக்கே அப்போது பீதித் தாக்குதல் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் உண்டு என்று தெரியவே நாளாயிற்று, அதுவரை பாட்டாக எழுதித்தான் சமாளித்திருக்கிறார். அமெரிக்கன் இடியட்டின் 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா'வில் வரும் நாயகனை எடுத்துக்கொள். டிவி, மருந்து மாத்திரை, எங்கேயும் போக வழியில்லாத ஊர். அதே சோபா, உறை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

கேசட்_காலம்:
மன்னிக்கவும், எல்லாரும் அனுதாப அலையில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பு கலக்கிறேன்.

இந்தக் குழு வளர்ந்த இடம் பெர்க்லியில் 924 கில்மன் தெரு. 1986 டிசம்பர் 31-ல் திறந்தது. முதலாளி கிடையாது, தொண்டர்கள்தான் நடத்தினார்கள். குடி கூடாது, போதை கூடாது, அடிதடி கூடாது, இனவெறியும் பெண்களை இழிவு செய்வதும் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். கூடவே ஒரு விதி: பெரிய ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட குழு அந்த மேடையில் ஏறக்கூடாது. 'லுக்கவுட்' என்ற சின்ன லேபிளில் இரண்டு ஆல்பம் போட்டுவிட்டு இவர்கள் 'ரிப்ரைஸ்' கம்பெனிக்குப் போனார்கள். வார்னர் வீட்டுப் பிள்ளை அது. கில்மன் கதவு சாத்தப்பட்டது.

பங்க் என்பது மூன்று கார்டு மட்டும் இல்லை, யார் காசில் வாசிக்கிறோம் என்பதும் அதில் உண்டு. கம்பெனி காசில் நின்றுகொண்டு 2004-ல் அமெரிக்காவை முட்டாள் என்று திட்டுவது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

பாதி_டிக்கெட்:
சார், நீங்கள் இந்தக் குழுவைக் கேட்டது பைரேட் கேசட்டில்தானே? அது யார் காசு?

கேசட்_காலம்:
அடப்பாவி. சரி, அந்தப் பாயிண்ட் உனக்கு.

நிலா_டிரம்ஸ்:
கேசட் சார் சொன்ன கில்மன் விஷயத்தைப் பற்றியே பாட்டு இருக்கிறது. 1995-ல் வந்த 'இன்சோம்னியாக்' ஆல்பத்தில் '86' என்று ஒரு பாட்டு. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓர் ஆளை 86 செய்வது என்றால் கடையை விட்டு வெளியே தள்ளுவது. பழைய இடத்துக்குத் திரும்பி வந்தவனை, நீ எதற்கு இங்கே வந்தாய் என்று கேட்கிற பாட்டு. அதைத் தன் வாயாலேயே பாடிக்கொள்கிறார். விற்றுப்போனவன் என்ற வசவைக் கேட்டு முதலில் சுருண்டவரே அவர்தான்.

கதவு திறந்ததும் உண்டு. 2015-ல் தீ விபத்தில் நஷ்டப்பட்ட ஒரு பதிப்பகத்துக்கு உதவ, அதே கில்மனில் ஏறி வாசித்தார்கள்.

ஓப்பன் அண்ணாவின் பூட்டிய அறைக் கட்சிக்கு ஒரு திருத்தம். வெளியே கிளம்பிப் போகும் பாட்டும் இருக்கிறது, 'வெல்கம் டு பாரடைஸ்'. வீட்டை விட்டு வந்து மேற்கு ஓக்லாந்தில் ஒரு பழைய கிடங்கில் கும்பலாகத் தங்கியிருந்த நாட்களைப் பற்றியது. அம்மாவுக்கு எழுதுகிற கடிதம் மாதிரி போகும். முதல் சரணத்தில் வீட்டை விட்டு வந்து மூன்று வாரம், பையன் நடுங்குகிறான். அடுத்த சரணத்தில் ஆறு மாதம் ஆகிவிட்டது, இப்போது இதுதான் எனக்கு ஊர் என்கிறான். நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. பல்லவியில் தெருவின் அலங்கோலம் முதல் தடவை பயமாகக் கேட்கும், இரண்டாம் தடவை பெருமையாகக் கேட்கும். சொல் பெரிதாக மாறுவதில்லை, பாடுகிறவன் மாறியிருக்கிறான். இருபது வயது எழுத்தாளருக்கு இது சின்ன வேலை இல்லை.

மழைக்கால_கிடார்:
அக்கா, அந்தப் பாட்டு இரண்டு ஆல்பத்தில் வருகிறதே?

நிலா_டிரம்ஸ்:
ஆமாம். முதலில் டூக்கிக்கு முந்தைய ஆல்பமான 'கெர்ப்ளங்க்'கில், அப்புறம் டூக்கியில் திரும்பப் பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். சின்ன ஸ்டுடியோவுக்கும் ராப் கவல்லோ என்ற தயாரிப்பாளருக்கும் உள்ள வித்தியாசம் டிரம்ஸ் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

டிரம்ஸ் என்றதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. க்ரீன் டேயின் டிரம்மர் ட்ரே கூல் ஜெர்மனியில் பிறந்து கலிபோர்னியாவில் மெண்டசினோ பக்கத்து மலைக்காட்டில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் லாரி லிவர்மோர், பின்னால் லுக்கவுட் லேபிளைத் தொடங்கியவர். பன்னிரண்டு வயதுப் பையனைத் தன் குழுவில் டிரம்ஸ் அடிக்க உட்கார வைத்தவரும் அவர்தான். 'லாங்வியூ'வின் ஆரம்பத்தைக் கேளுங்கள். கூர்மையாக ஒலிக்கிற ஸ்நேர் டிரம்மை விட்டுவிட்டு ஆழமாக ஒலிக்கிற டாம்களில் உருட்டிக்கொண்டே போவார், மேலே மைக் டர்ண்டின் பேஸ் நடந்து போகும். சரணம் முழுக்க கிடாரே கிடையாது. பல்லவியில் திடீரென்று கிடார் வந்து விழும்போதுதான் சோபாவில் கிடந்தவனுக்குக் கோபம் வந்தது தெரியும். பிறகு மறுபடி படுத்துக்கொள்வான். சலிப்பை வார்த்தையில் சொல்வது சுலபம், வாத்தியத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கசப்பும் சொல்லிவிடுகிறேன். நான் டிரம்ஸ் கற்கப் போன வகுப்பில் முதல் நாளே வாத்தியார், இந்த மாதிரிப் பாட்டுக்கெல்லாம் கற்க எதுவும் இல்லை, கையை வீசினால் போதும் என்றார். அடுத்த வாரம் லாங்வியூவின் அந்த உருட்டுத் தாளத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார்.

விடியல்84:
இசைத் தாக்கம் பற்றி யாரும் முழுசாகப் பேசவில்லையே. எல்லாரும் நியூயார்க் பங்க் குழு ராமோன்ஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ராமோன்ஸ்தான், சந்தேகமில்லை. 2002-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர்களைச் சேர்த்தபோது மேடையில் அவர்களின் பாட்டை வாசித்தது க்ரீன் டேதான். பில்லி ஜோவின் மூத்த மகன் பெயர் ஜோயி, ட்ரேயின் மகள் பெயர் ரமோனா. பக்தி அந்த அளவுக்கு.

ஆனால் பாட்டின் உள்ளே போய்ப் பார்த்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது இரண்டு குழு.

ஒன்று மான்செஸ்டரின் பஸ்காக்ஸ். அதன் பாடகர் பீட் ஷெல்லி காதல் பாட்டு எழுதும்போது அவன், அவள் என்று வேண்டுமென்றே சொல்ல மாட்டார். தான் இருபாலரையும் நேசிப்பவர் என்பதால், யார் பாடினாலும் பொருந்தட்டும் என்று அப்படி எழுதினார். வேகம் பங்க், வலி முழுக்கக் காதல் வலி. இப்போது 'பாஸ்கெட் கேஸ்' இரண்டாம் சரணத்தைக் கேளுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறான், அங்கே அவள் என்கிறான். அப்புறம் பாலியல் தொழிலாளியிடம் போகிறான், அங்கே அவன் என்று வருகிறது. 1994-ல் எம்டிவியில் நாள் முழுக்க ஓடிய பாட்டில் இது. டூக்கியிலேயே 'கமிங் க்ளீன்' என்ற பாட்டு, பதினேழு வயதில் தன்னைத் தானே ஒப்புக்கொள்வது பற்றியது. 1995 ஆரம்பத்தில் 'தி அட்வகேட்' பத்திரிகையில் தான் இருபால் ஈர்ப்பு உள்ளவன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அரசியல் 2004-ல்தான் வந்தது என்கிறவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

இரண்டாவது, மினியாபொலிஸின் ஹஸ்கர் டு. அவர்களும் மூன்று பேர்தான். 1984-ல் 'ஜென் ஆர்கேட்' என்று இரட்டை ஆல்பம் போட்டார்கள். வீட்டை விட்டு ஓடிப்போகும் ஒரு பையனின் கதை. பங்க் குழு கதை சொல்லும் ஆல்பம் போடலாமா என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்கு இருபது வருடம் கழித்து, புறநகரை விட்டு ஓடிப்போகும் பையனின் கதையோடு அமெரிக்கன் இடியட் வந்தது. ஹஸ்கர் டு பாட்டு ஒன்றை க்ரீன் டே தாங்களே பாடிப் பதிவும் செய்திருக்கிறார்கள். வம்சாவளி சுத்தமாகத் தெரிகிறது.

ஓப்பன்_ஸ்ட்ரிங்:
விடியல், பஸ்காக்ஸ் பாயிண்ட் அருமை. நான் அந்தக் கோணத்தில் பார்த்ததே இல்லை. கதை ஆல்பத்துக்கு மட்டும் பிரிட்டிஷ் ராக் குழு தி ஹூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1966-ல் அவர்கள் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு குட்டி ஆபரா (பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம்) செய்தார்கள், துண்டு துண்டாக ஆறு பகுதி. க்ரீன் டே பின்னால் அதையும் பாடிப் பதிவு செய்தார்கள். 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா'வும் ஒன்பது நிமிடம், ஐந்து பகுதி.

இது பிறந்த விதம்தான் எனக்குப் பிடித்த கதை. 2003-ல் ஓர் ஆல்பம் கிட்டத்தட்ட முடியும் நிலையில் மாஸ்டர் டேப் திருட்டுப் போனது. கவல்லோ அவர்களிடம், தொலைந்தது உங்கள் உயிரைக் கொடுத்து எழுதியதா என்கிற மாதிரிக் கேட்டிருக்கிறார். யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஸ்டுடியோவில் மைக் தனியாக இருக்கும்போது முப்பது விநாடிக்கு விளையாட்டாக ஒரு துண்டு பதிவு செய்தார். பில்லி ஜோ வந்து அதன் வாலில் முப்பது விநாடி ஒட்டினார், ட்ரே தன் பங்குக்கு ஒட்டினார். ஒட்டிக்கொண்டே போனது அமெரிக்கன் இடியட்டின் 'ஹோம்கமிங்' பாட்டு ஆனது. பத்திரிகைகள் ராக் ஆபரா என்று எழுதியதன் விதை, வெட்டியாக இருந்த மூன்று பேர் விளையாடியது. மறுபடியும் சலிப்புதான், கவனித்தீர்களா!

மூன்று கார்டு பற்றித் தம்பி கேட்டான் இல்லையா? 'பாஸ்கெட் கேஸ்' சரணத்தை எடுத்து வாசித்துப் பார். ஈ பிளாட், பி பிளாட், சி மைனர், ஜி மைனர், ஏ பிளாட், மறுபடி ஈ பிளாட், பி பிளாட். ஸ்வரத்தை மாற்றி டி மேஜரில் வாசித்தால், பாகல்பெல் கேனான் என்று கல்யாண ஹாலில் வயலின்காரர்கள் வாசிக்கிறார்களே, ஏறக்குறைய அது. கடைசி முடிச்சு மட்டும் வேறு. முந்நூறு வருடப் பழைய வரிசையை பாம் மியூட் போட்டு, அதாவது உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி, வேகமாக அடித்தால் பீதித் தாக்குதல் ஆகிவிட்டது.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கிவிடுங்கள், அப்புறம் கை ஈ கார்டு இடத்தில்தான் வைக்க வேண்டும். வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜின் மேல் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். நிறைய அழுத்தினால் கட்டைச் சத்தம் வரும், விட்டால் இரைச்சல். முதல் சரணம் முழுக்க அந்தக் கிடாரும் குரலும் மட்டும்தான், தப்பை மறைக்க டிரம்ஸ் வராது. நான் ஆறு மாதம் அடித்தேன். கீழ்வீட்டுக்காரர் மாமா ஒரு நாள் மேலே ஏறி வந்து, ஏதாவது வேறு பாட்டு உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்.

பாதி_டிக்கெட்:
அமெரிக்கன் இடியட்டின் 'பூலவார்ட் ஆஃப் ப்ரோக்கன் ட்ரீம்ஸ்' வாசித்திருக்கலாமே. ஆனால் அவர், ஒயாசிஸ் பாட்டா என்று கேட்டிருப்பார்.

விடியல்84:
பிரிட்டிஷ் குழு ஒயாசிஸின் நோயல் கல்லாகரே அப்படித்தான் புகார் சொன்னார். அவர்களுடைய 'வொண்டர்வால்' பாட்டின் கார்டு வரிசையோடு அவ்வளவு நெருக்கம். க்ரீன் டேயின் 'வார்னிங்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் பிரிட்டிஷ் குழு கிங்க்ஸின் வாடை வீசுகிறது என்பதும் பழைய சண்டை. அறுபதுகளின் பிரிட்டிஷ் பாப்பை இவர்கள் ஒளித்து வைத்ததே இல்லை. பாப் பங்க் என்ற பெயரில் பங்க்கைப் பற்றியே எல்லாரும் சண்டை போடுகிறோம், பாப் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ராமோன்ஸே அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டை மூன்று மடங்கு வேகத்தில் வாசித்தவர்கள்தான்.

ஓப்பன்_ஸ்ட்ரிங்:
பில்லி ஜோ விஷயத்தில் இன்னும் பின்னால் போகலாம். ஐந்து வயதில் ஊர்ப் பாட்டு ஆசிரியர்கள் அவரை வைத்து 'லுக் ஃபார் லவ்' என்று ஒரு சிங்கிள் பதிவு செய்தார்கள், 1977-ல். குழந்தைப் பாடகனாக ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிகளுக்குப் பாடியிருக்கிறார். லண்டனில் பங்க் வெடித்த அதே வருடம் இவர் மேடைப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார். இவ்வளவு கத்தினாலும் ஒரு சொல் விடாமல் காதில் விழுவது அந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். 2010-ல் அமெரிக்கன் இடியட் நியூயார்க்கின் பிராட்வேயில் நாடகமாகப் போனபோது பலருக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை.

கேசட்_காலம்:
நாடகம் வரை வந்துவிட்டீர்கள். பிராட்வே டிக்கெட் வாங்கிப் பங்க் பார்க்கிற கூட்டத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆனாலும் '86' பாட்டை நேற்று எடுத்துக் கேட்டேன். நான் அதை அகங்காரப் பாட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நிலா சொன்னபடி கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை, பாட்டை மட்டும் மாற்றிக் கேட்டேன்.

செப்டம்பர் பாட்டில்தான் எனக்கு இன்னும் குழப்பம். அப்பா பாட்டு என்றால் வீடியோவில் ஏன் ஈராக் போர்?

நிலா_டிரம்ஸ்:
சார், வீடியோ 2005-ல் சாமுவேல் பேயர் எடுத்தது. காதலியை விட்டுப் பட்டாளத்தில் சேரும் பையன் கதையாக அவர் செய்தார். தலைப்பில் செப்டம்பர் இருப்பதால் இரட்டைக் கோபுரத் தாக்குதலைப் பற்றியது என்று நினைத்தவர்களும் உண்டு. அதே வருடம் கத்ரினா புயல் வந்தது, வெள்ளக் காட்சிகளோடு இந்தப் பாட்டை ஒட்டி இணையத்தில் பரப்பினார்கள். ஒரு பையனின் சாத்திய கதவுக்குள் ஊரே நுழைந்துவிட்டது. எழுதியவர் எந்த இடத்திலும் புற்றுநோய் என்றோ அப்பாவின் பெயரோ சொல்லவில்லை, அதனால் நுழைய முடிந்தது.

எனக்கு அந்த ஆல்பத்தில் அரசியலாகப் படுவது தலைப்புப் பாட்டும் 'ஹாலிடே'யும்தான். மற்றதெல்லாம் ஓடிப்போனவன், ஊர் திரும்புகிறவன். கடைசிப் பாட்டில் காதலித்தவளின் பெயரே அவனுக்கு மறந்துபோகிறது. ஆட்சி மாறினாலும் அந்தப் பாட்டு பழசாகாது.

விடியல்84:
தலைப்புப் பாட்டும் பழசாகவில்லை அக்கா. 2023 டிசம்பர் 31 இரவு டிவி நிகழ்ச்சியில் அதன் ஒரு வரியை டிரம்ப் ஆதரவாளர்களைக் குத்துகிற மாதிரி மாற்றிப் பாடினார், அமெரிக்காவில் ஒரு வாரம் அதே பேச்சு. இருபது வருடப் பாட்டுக்கு இன்னும் யாருக்காவது கோபம் வருகிறது என்றால் உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

மழைக்கால_கிடார்:
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒரே ஆள்தான் எழுதினார் என்று ஒத்துக்கொள்கிறேன். கேட்டவன் நான்தான் இரண்டு ஆளாக இருந்திருக்கிறேன் போல, ஸ்கூலில் ஒருத்தன், ஆபீஸ் பஸ்ஸில் ஒருத்தன்.

'குட் ரிடன்ஸ்' பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் காலேஜ் ஃபேர்வெல்லில் அதைத்தான் வாசித்தேன், பாதிப் பேர் அழுதார்கள்.

ஓப்பன்_ஸ்ட்ரிங்:
தம்பி, தலைப்பை ஒழுங்காகப் பார். விட்டது சனி என்று அர்த்தம். காதலி ஈக்வடாருக்குக் கிளம்பிப் போனாள், அந்தக் கடுப்பில் எழுதியது. டூக்கிக்கும் முன்பே எழுதி, 1997-ல் 'நிம்ரோட்' ஆல்பத்தில்தான் வயலினோடு வந்தது. நீங்கள் ஃபேர்வெல்லில் அழுதது போலவே அமெரிக்காவிலும் ஸ்கூல் முடிக்கிற பிள்ளைகள் அழுதார்கள். அவரும் அதைத் திருத்தப் போகவில்லை.

அதில் ஆரம்பத்தைக் கவனித்திருக்கிறாயா? முதல் சில ஸ்வரத்தைத் தப்பாக மீட்டிவிட்டு, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, திரும்பவும் தப்பாகி, வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை முனகுவார். அதை வெட்டாமல் அப்படியே ஆல்பத்தில் விட்டுவிட்டார்கள்.

மழைக்கால_கிடார்:
என்னது? என் பாட்டில் அப்படி எதுவும் இல்லையே. நேரே சுத்தமாகத்தான் ஆரம்பிக்கும்.

நிலா_டிரம்ஸ்:
எங்கிருந்து கேட்கிறாய்?

மழைக்கால_கிடார்:
ஸ்கூல் காலத்தில் சீனியர் ஒருத்தர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது. அதையே போன் மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

இருங்கள், ஆல்பத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மழைக்கால_கிடார்:
கேட்டேன். இரண்டு தடவை தப்பு, ஒரு முனகல், அப்புறம்தான் பாட்டு. என்னிடம் இருந்த ஃபைலில் யாரோ அதை வெட்டியிருக்கிறார்கள். ஃபேர்வெல்லில் நான் முதல் ஸ்வரமே தப்பாக வாசித்துவிட்டு, மைக்கில் ஸாரி சொல்லி, திரும்ப ஆரம்பித்தேன். அதற்காக நான்கு வருடமாக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாதி_டிக்கெட்:
நீ ஸாரி சொன்னதுதான் தப்பு.